ஆறாவது தம்ளர்

எலுமிச்சைச் சுவை என்று பொட்டலத்தில் போட்டிருந்தது.
எலுமிச்சையைக் கண்ணால் காணாத யாரோ
போனில் கேட்டு எழுதிக்கொண்ட சுவை.
கால்மணிக்கு ஒரு தம்ளர்
இரண்டு லிட்டர் தீரும்வரை.

செம்பூரில் இரண்டாம் மாடி, ஒற்றைக் கக்கூஸ்.
குழாயில் தண்ணீர் விடிய ஐந்தரைக்கு வரும்
ஆறேமுக்காலுக்குப் போய்விடும்.
நீல டிரம்மில் இருப்பது அரை.
குடலைக் கழுவிக்கொண்டு வரச்சொன்ன டாக்டருக்கு
முனிசிபாலிட்டி நேரம் தெரியாது.

தவமணி குறட்டை விடுகிறார்.
"ஒண்ணுமில்ல, கேமரா விட்டுப் பாக்குறாங்க, அவ்வளவுதான்"
சொல்லிவிட்டுப் படுத்தவர்.
சீட்டுப் பணத்தோடு சகாயராஜ் ஓடிப்போனபோதும்
ஒண்ணுமில்ல என்றவர்தான்.

மூன்றாவதற்கும் நான்காவதற்கும் நடுவே
செல்லோடு உள்ளே போனேன்.
குடலில் கேமரா, என்று தட்டினேன்.
நான் முடிக்குமுன் அது முடித்தது:
குடலில் கேமரா வலிக்குமா
குடலில் கேமரா ஓட்டை விழுமா
குடலில் கேமரா இறந்தவர்கள்.
எனக்கு முன்னால் யாரோ
இப்படியே குந்தி, ஒரு பல்லியைப் பார்த்தபடி
இதையே தட்டியிருக்க வேண்டும்.

வெறும் மூலமாகவும் இருக்கலாம் என்றது ஒரு பக்கம்.
ஆண்டவரே, எனக்கு மூலத்தைத் தாரும் என்று
கண்ணீரோடு மன்றாடியவள்
இந்த பம்பாயில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.
வெந்தயத்தை ஊறவைத்தால் ஆஸ்பத்திரியே வேண்டாம் என்றாள்
தலைநிறைய கனகாம்பரம் வைத்தவள்.
எந்த நாட்டுப் பெண்ணுக்கோ
மயக்க மருந்து பாதியில் தெளிந்துவிட்டதாம்.
இரவு ஒன்றரை மணிக்கு
அவளோடு நானும் தெளிந்தேன்.
நடுநடுவே ஒரு கோடி ரூபாய்க்குக் காப்பீடு.
அம்மா இல்லாத குடும்பம், நன்றாகத்தான் சிரித்தது.

அப்புறம் அந்த வரி.
ஆயிரத்தில் ஒருவருக்கு.

ஆயிரம் எனக்குத் தெரியும்.
காலை எட்டு பதினெட்டு
குர்லாவை விட்டுக் கிளம்பும்போது
ஒரு வண்டிக்கு நாலாயிரம் பேர்.
அப்படியானால் நாலு பேர்.
இருபது வருஷமாக அந்த நாலு பேரோடுதான்
நசுங்கி நசுங்கி தாதர் போயிருக்கிறேன்.
மடியில் பட்டாணி உரிக்கிறவளா,
வாசலில் நின்று ஈரத்தலை உலர்த்துகிறவளா,
"உதர்னா ஹை க்யா" என்று முதுகில் குத்துகிறவளா.
ஒருத்தியையும் கைகாட்ட மனம் வரவில்லை.
மிச்சம் நான்தானே.

ஆறாவது தம்ளரில் டிரம் காலி.
மக்கை விட்டுச் சுரண்டினால் பிளாஸ்டிக்தான் பேசியது.
மணி மூன்று நாற்பது.
கதவைத் திறந்தால்
படியேறி வருகிறார் தவமணி
இரண்டு கையிலும் வாளி, லுங்கியெல்லாம் நனைந்து.
கீழ்வீட்டுப் பாட்டீலைத் தட்டி எழுப்பியிருக்கிறார்.
எந்த நேரம் எழுந்தார்,
குறட்டை எப்போது நின்றது,
பார்க்கவில்லை, நான் செல்லில் இருந்தேன்.
"ஒண்ணுமில்ல" என்று
வாளியை வைத்துவிட்டுப் போய்ப் படுத்தார்.

சயான் ஆஸ்பத்திரியில் பச்சை கவுன்.
கையெழுத்துப் போடவேண்டிய தாளிலும்
அந்த ஓட்டை இருந்தது, சின்ன எழுத்தில்.
"மாவ்ஷி, போன் பந்த் கர்" என்றாள் நர்ஸ்.
பெஞ்சில் பக்கத்தில் ஒரு பையன்,
இருபத்திரண்டு இருக்கும்,
கவுனை முன்பின் தெரியாமல் மாட்டி
முட்டியைக் கட்டிக்கொண்டிருந்தான்.
"ஆண்ட்டி, தர்த் ஹோதா ஹை க்யா?"

ராத்திரி முழுக்கப் படித்தவள் நான்.
குழாயின் நீளம் தெரியும்,
மருந்தின் பெயர் தெரியும்,
பாதியில் தெளிந்தவளைத் தெரியும்.
நாலாயிரம் பேரும் தொண்டைவரை வந்து
இறங்க இடமில்லாமல் நின்றார்கள்.

"குச் நஹி ரே" என்றேன்.
அவன் என்னையே பார்த்தான்.
தமிழில் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்,
அவனுக்கா எனக்கா தெரியவில்லை.

திரும்பு என்று சைகை காட்டி
முதுகில் அவிழ்ந்து கிடந்த நாடாவை
இரட்டை முடிச்சாகப் போட்டுவிட்டேன்.